காத்தான் வீட்டுக் காக்கைகள்

ஸ்ரீரங்கத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டிய முதல் ஆள் காத்தான் அண்ணனாகத்தான் இருப்பார். மோட்டார் சைக்கிள்காரர்களே ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போன காலம் அது. பங்குனி பிறந்தால் போதும், ஆபீசில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி, தாடைப் பட்டையை இறுக்கிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்குவார். மேலூர் ரோட்டில் அவர் பெடல் மிதித்துப் போக, தலைக்கு மேலே காக்கைகள் கத்திக்கொண்டே கூட வரும். அதில் துணிச்சலான ஒன்று தாழ்ந்து வந்து ‘டொக்’கென்று ஒரு போடு போட்டுவிட்டுப் போகும். தெருவே சிரிக்கும். அண்ணன் மட்டும் சாமி ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு போவார்.

நான் லூர்து. மின்வாரியத்தில் அவருக்கு ஹெல்பராகச் சேர்ந்து ஏணி பிடித்தவன். பிறகு நானும் ஒயர்மேன் ஆனேன். இப்போது இருவருமே ஓய்வு பெற்றாயிற்று. என் வீடு மேலப்புதூரில். வாரத்தில் ஒரு நாளாவது ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவேரிப் பாலம் தாண்டி, அவர் வீட்டு வாசலில் போய் நிற்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவரைப் பற்றி எழுதச் சொன்னால் மற்றவர்கள் புயலில் அவர் கம்பம் ஏறியதைத்தான் எழுதுவார்கள். நான் காக்கையைப் பற்றித்தான் எழுதுவேன். அவர் வாழ்க்கையில் பாதி அதுதான்.

காக்கைக்கும் அவருக்கும் இருந்தது தொழில் பகை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பகுதியில் ரோட்டின் இரண்டு பக்கமும் வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் இருந்தன. வேப்பம்பழக் காலத்தில் காக்கைகள் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிட்டுப் போகும். மதில் இடுக்கில், வாய்க்கால் ஓரத்தில், எங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் எல்லாம் கன்று முளைக்கும். யாரும் நட்டதில்லை. காக்கைக்கு வேம்பு சோறு போட்டது, வேம்பின் பிள்ளைகளைக் காக்கை ஊரெல்லாம் குடிவைத்தது. அந்த மரங்களுக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாங்கள் டிபன் பாக்ஸ் திறந்த மத்தியானங்கள் இன்னும் என் நாக்கில் இருக்கின்றன.

அப்புறம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். மரங்கள் போயின. காக்கை எங்கே போகும்? மரம் இருந்த இடத்தில் எங்கள் கம்பம் நின்றது. அதன் உச்சியில் இருந்த குறுக்குச் சட்டம் அதற்குக் கிளையாயிற்று. சுள்ளி கிடைக்கவில்லை, அதனால் வீடு கட்டுகிற இடங்களில் சிதறிக் கிடந்த கட்டுக்கம்பியைப் பொறுக்கிக்கொண்டு வந்து கூடு கட்டியது. நல்ல உறுதியான கூடு, குறை சொல்ல முடியாது. ஆனால் காற்றடித்தால் அந்தக் கம்பியின் முனை எங்கள் கம்பியைத் தொடும். படாரென்று ஒரு சத்தம், தெரு முழுக்க இருட்டு. சில சமயம் கீழே காக்கையும் கருகிக் கிடக்கும்.

அதனால் கோடைதோறும் கூடு கலைப்பது எங்கள் வேலைகளில் ஒன்றாயிற்று. மின்சாரத்தை நிறுத்திவிட்டு அண்ணன் மேலே ஏறுவார், நான் கீழே கயிறு பிடிப்பேன். கூட்டில் காக்கை முட்டையோடு சில நேரம் குயில் முட்டையும் கிடக்கும். குயில் கூடு கட்டாத பறவை. காக்கை வீட்டில் முட்டையைச் சேர்த்துவிட்டு எங்கேயோ உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்.

“பாருடா லூர்து, காக்கா நம்ம போஸ்ட்டுல வாடகை குடுக்காம இருக்கு. காக்கா வீட்டுல குயிலு வாடகை குடுக்காம இருக்கு. கடைசில அடி வாங்குறது என் மண்டை,” என்பார் மேலேயிருந்து.

அடி வாங்கியது உண்மை. காக்கை ஆளை மறப்பதில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்துத்தான் கொத்துகிறது என்று ஒரு நாள் வேட்டி கட்டிக்கொண்டு போனார். கொத்தியது. மீசையை எடுத்தார். கொத்தியது. அதே காக்கிச் சட்டையில் பக்கத்திலேயே போன என்னை எதுவும் சீண்டவில்லை. கயிறு பிடித்தவனை விட்டுவிட்டு, கூட்டில் கை வைத்தவன் முகத்தை மட்டும் குறித்து வைத்துக்கொண்டன. எங்கள் ஆபீசில் மெமோ கொடுப்பவர்களுக்கு இந்த விவரம் இருந்திருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாக வேலை பார்த்திருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணனின் மனைவி விஜயராணி அண்ணி என்றால் காக்கைகளுக்கு உயிர். காலையில் சோறு வடித்ததும் முதல் கவளம் அதுகளுக்குத்தான். மொட்டைமாடிக்குப் போய், நசுங்கிய அலுமினியத் தட்டில் சோற்றை வைத்து, “கா... கா...” என்று குரல் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் கைப்பிடிச் சுவரே கறுப்பாகிவிடும்.

“அதுங்க என் பொறந்த வீட்டு ஆளுங்க தம்பி,” என்பார் என்னிடம். “உங்க அண்ணன் என்னை ஒழுங்கா வச்சிருக்காரான்னு பாக்க வருதுங்க. திருப்தி இல்லேன்னா அவரு தலையில ஒண்ணு வச்சிட்டுப் போகுதுங்க.”

அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, “சீதனம் ஒண்ணும் கொண்டாரல, கொத்துறதுக்கு மட்டும் கூட்டமா வந்துடுறாங்க,” என்று முணுமுணுப்பார். அந்தச் சமையலறையில் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டே நான் தின்ற தோசைகளுக்குக் கணக்கில்லை.

ஆனால் வத்தல் போடுகிற நாட்களில் அண்ணி பிறந்த வீட்டு உறவையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுவார். காலையில் காக்கைக்குச் சோறு போட்டு முடித்ததும், பழைய வேட்டியை விரித்துக் கூழைப் பிழிந்துவிட்டு, பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கட்டுவார். மேலே இன்னொரு மாடி எடுக்கலாம் என்று கைப்பிடிச் சுவரில் நீட்டிவிட்ட கம்பி ஒன்று இருந்தது. அதில் குடையைச் சேர்த்து, கிழிந்த சிவப்புச் சுங்குடிப் புடவைத் துண்டால் ஒரு முடிச்சு. குடைத் துணி காற்றில் படபடக்கும். காக்கையின் கண்ணுக்குக் கறுப்பாய் என்னவோ செத்துத் தொங்குகிற மாதிரி தெரியுமோ என்னவோ, ஒன்றும் கிட்ட வராது. வத்தல் டின்னுக்குள் போனதும் குடையும் மடங்கிவிடும். குடை இருந்தால் ஆபத்து, தட்டு இருந்தால் சோறு. காக்கைகளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர்களுக்குள் ஒரே ஒரு முறைதான் பெரிய சண்டை வந்து நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஒரு கோடையில் காக்கை கூடு கட்டியது. அண்ணி மாடியிலிருந்து தினமும் பார்ப்பார். குஞ்சு பொரித்துவிட்டது. “பறக்கிற வரைக்கும் விடுங்க. அப்புறம் நீங்களே கலைங்க, நான் கேக்க மாட்டேன்,” என்றார். அண்ணன் சரி என்றுதான் சொன்னார். ஆனால் வைகாசிக் காற்றில் கூட்டுக் கம்பி உரசி, தெருவுக்கே மின்சாரம் போயிற்று. ஆபீசுக்குப் போன் மேல் போன். அண்ணி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் ஏறிவிட்டார். குஞ்சுகளோடு கூட்டை இறக்கிப் பின்பக்கத்து வேப்பமரக் கவட்டையில் வைத்துப் பார்த்தார். தாய்க்காக்கை அந்தப் பக்கமே போகவில்லை. அவர் தலையைத்தான் தேடி வந்தது.

அண்ணி திரும்பி வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஆடி பிறக்கிற வரைக்கும் பேசவில்லை. கடைசியில் என் முன்னால்தான் வாயைத் திறந்தார்.

“நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. வேலை அப்படி. ஏறுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அந்தக் கேள்வி அண்ணனுக்குள் எங்கேயோ முள்ளாகத் தங்கிவிட்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

போன வருஷம் வைகாசியில் ஒரு நாள், வத்தல் பிழிந்துவிட்டு இறங்கி வந்த அண்ணி, நெஞ்சை அடைக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மாடியில் காய்ந்த வத்தலைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாரி டின்னில் போட்டு வைத்தார்கள். நாங்கள் அண்ணியைத் தூக்கிக்கொண்டு போனோம். குடையை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் காக்கைச் சங்கதி விவகாரமாயிற்று. எங்கள் ஆட்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் போய் மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தால் முடிந்தது. செத்தவர் ஏற்றுக்கொண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. அண்ணன் வீட்டில் அப்படியில்லை. படைத்த சோற்றைக் காக்கை வந்து எடுக்க வேண்டும். எடுத்தால் போனவர் வந்து சாப்பிட்டதாக அர்த்தம். எடுக்காவிட்டால் அவருக்கு என்னவோ மனக்குறை. அதுவரை வீட்டில் யாரும் இலையில் உட்காரக்கூடாது.

கருமாதியன்று காக்கை வரவில்லை. அமாவாசைக்கு அமாவாசை அண்ணன் மாடியில் சோறு வைத்தார். வரவில்லை. புரட்டாசியில் வரவில்லை, தையில் வரவில்லை. மத்தியானம் முழுக்க வெயிலில் நின்று “கா... கா...” என்று கத்திவிட்டு, காய்ந்த சோற்றை வாரிக்கொண்டு இறங்கி வருவார். அன்றைக்கு அவரும் பட்டினி. உடம்பு பாதியாயிற்று. கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் மகள் அறிவுமதி போனில் என்னிடம் அழுதாள்.

“சித்தப்பா, அம்மா கோவமா இருக்காங்கன்னு அப்பா சொல்றாருங்க. அந்தக் கூட்டைக் கலைச்சதுக்கு இன்னும் மன்னிக்கலயாம். நீங்களாவது சொல்லுங்க.”

சொன்னேன். அவர் கேட்டால்தானே? “உனக்குத் தெரியாதுடா. அவ பேசாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும். இப்பவும் பேசாமத்தான் இருக்கா,” என்றார். வைகாசியில் தலைத்திவசம் வருகிறது. அன்றைக்கும் காக்கை வராவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

பங்குனி கடைசியில் ஒரு நாள் அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்துகொண்டேயிருந்தது. அவருக்கு முட்டி வலி. நான் மாடி ஏறினேன். அண்ணி போன பிறகு நான் அங்கே ஏறியது அதுதான் முதல் தடவை. படியேறித் தலையை நீட்டியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

குடை இன்னும் அங்கேயே இருந்தது. ஆடிக் காற்றில் பாதி கிழிந்து, ஐப்பசி மழையில் ஊறி, கறுப்புக் கந்தல்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாகக் காற்று வந்தாலும் ஒவ்வொரு கந்தலும் ஒவ்வொரு பக்கம் துடித்தது. அதற்கு நேர் கீழே அந்த நசுங்கிய அலுமினியத் தட்டு. எனக்கே ஒரு நிமிஷம் பகீரென்றது.

தொட்டி வழிந்தால் வழியட்டும் என்று கீழே வந்து கத்தினேன். “அண்ணே, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? அண்ணி காக்காயை வெரட்டுறதுக்குக் கட்டின குடைக்குக் கீழேயே சோத்தை வச்சிக்கிட்டு வா வான்னா எப்படிண்ணே வரும்?”

அவர் முகம் மாறிவிட்டது. “அது அவ கட்டினதுடா.”

“தெரியுதுண்ணே...”

“கடைசியா அவ கை பட்ட முடிச்சுடா அது. அதை அவுக்கச் சொல்றியா?”

என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் குடையை மறக்கவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சோறு வைத்திருக்கிறார். அவருக்கு அது அண்ணி, காக்கைக்கு அது எமன்.

மெதுவாகச் சொன்னேன். “அண்ணி இருந்தப்ப தெனம் காலையில ஒரே நேரத்துல சோறு கெடைச்சுது, வந்துச்சுங்க. நீங்க மாசத்துல ஒரு நாள், அதுவும் உச்சி வெயில்ல வைக்கிறீங்க. மத்த நாள் சும்மா கெடக்குற மாடிக்கு அதுங்க எதுக்குண்ணே வரணும்? வந்தாலும் அங்க குடை. குடைக்குப் பக்கத்துல நீங்க. உங்க மூஞ்சிய அதுங்களுக்குத் தெரியாதா? ஒரு வாய் சோத்துக்காக யாராச்சும் உசுரைப் பணயம் வைப்பாங்களா? அண்ணிக்குக் கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது காக்கா பொழப்பு.”

அவர் எழுந்து, பிளையரை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டே படி ஏறினார். நான் பின்னாலேயே போனேன். குடைக்கு முன்னால் நின்று, “ராணி, குடையை எடுக்கப் போறேன்,” என்றார். பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வது போல. பிறகு பிளையரால் குடையின் கைப்பிடியை உடைத்து எடுத்துவிட்டு, முடிச்சு அவிழாமல் குடைத் தண்டை மேல் பக்கமாக உருவினார். சிவப்புத் துண்டு கம்பியிலேயே வளையமாக நின்றது. எத்தனையோ கம்பங்களில் நான் பார்த்த அதே நிதானமான கை.

மறுநாளிலிருந்து காலையில், அண்ணி வைக்கிற நேரத்துக்கே அண்ணன் தட்டில் சோறு வைத்தார். வைத்துவிட்டுப் படிக்கட்டு அறைக்குள் போய்க் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் அணில் வந்தது. மைனாக்கள் வந்தன. பிறகு எதிர்வீட்டுத் தென்னையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. அது பார்த்துவிட்டுப் போனதை எனக்குப் போன் போட்டுச் சொன்னார். சித்திரை நடுவில் ஒரு நாள் அவர் குரல் போனில் உடைந்தது.

“லூர்து! இன்னைக்குக் கொத்திட்டுதுடா! தட்டை எடுக்கப் போனேன், பின்னாலயே வந்து ஒண்ணு வச்சிட்டுப் போகுது. ரத்தமே வந்துடுச்சு!”

ரத்தம் வந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தலைத்திவசத்தன்று காலையில் அம்மா மண்டபத்தில் ஆற்றில் முழுகிவிட்டு வந்து படையல் போட்டார்கள். அறிவுமதி எல்லாம் அம்மா கைப்பக்குவத்தில் செய்திருந்தாள். டின்னில் இருந்த கடைசி வத்தலையும் பொரித்து இலையில் வைத்தாள். கூடத்தில் சொந்தக்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் நானும் மாடியில் தட்டை வைத்துவிட்டுப் படிக்கட்டு அறைக்குள் ஒதுங்கினோம். அவர் கை என் கையைப் பிடித்திருந்தது.

வழக்கமான காலை நேரம் தாண்டி வெயில் ஏறிவிட்டிருந்தது. தென்னை காலியாக இருந்தது. “வராதுடா,” என்றார். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். காக்கைக்காக மாதாவை வேண்டிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது சிறகுச் சத்தம். ஒரு காக்கை கைப்பிடிச் சுவரில் இறங்கியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. தத்தித் தத்தித் தட்டருகே வந்தது. சோற்றை விட்டுவிட்டு முதலில் வத்தலைத்தான் கவ்வியது. வருஷா வருஷம் அண்ணி குடை கட்டிக் காத்த வத்தல். அண்ணன் சத்தமில்லாமல் அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

கீழேயிருந்து அறிவுமதி, “அப்பா, எடுத்துச்சா?” என்று கேட்டாள். காக்கை இன்னும் போகவில்லை. அது கம்பியின் மேல் ஏறி உட்கார்ந்து, அந்தச் சிவப்புத் துண்டை அலகால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷ வெயிலில் இற்றுப்போன துணி. இரண்டு மூன்று இழுப்பில் முடிச்சு கழன்று அலகோடு வந்துவிட்டது.

“ஏய்...” என்று அண்ணன் ஒரு அடி வைத்தார். அதற்குள் அது பறந்துவிட்டது. அண்ணி கட்டிய கடைசி முடிச்சு தெருவுக்கு மேலே சிவப்பாய் ஆடிக்கொண்டு போயிற்று. நேரே எதிர்க் கம்பத்துக்குப் போயிற்று. அங்கே குறுக்குச் சட்டத்தில் கொஞ்சம் சுள்ளியும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் சேர்ந்திருந்தன. காக்கை துணியை அதற்குள் வைத்து, அலகால் குத்திக் குத்திச் செருகியது.

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பத்தில் எவ்வளவு தூரத்தில் எது உரசும் என்று அவருக்குத் தெரியும். மன்சூர் என்றைக்காவது ஒரு நாள் வந்து அதைக் கலைப்பான் என்பதும் தெரியும். எங்களுக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்த ஒயர்மேன் அவன். அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“மன்சூரு, காத்தான் பேசுறேன்ப்பா. எங்க வீட்டுக்கு எதிர்த்த போஸ்ட்டுல காக்கா கூடு கட்டுது. நீ லைனை நிறுத்திட்டு ஏறி, கட்டுக்கம்பிய மட்டும் உருவி எடுத்துடு. உள்ள செவப்பா ஒரு துணி இருக்கும், அதைத் தொடாத, குஞ்சு பறக்கிற வரைக்கும் இருக்கட்டும்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏறுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறுப்பா.”